பனியனும் முதுகெலும்பும்

முதலில் என் சொந்தச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் திருப்பூருக்குப் போகலாம்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை. படுக்கையை விட்டு எழுந்து இன்னும் பல்கூடத் துலக்கவில்லை. சமையலறையில் காஸ் தீர்ந்துவிட்டது. "பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடட்டுமா?" என்றாள் என் மனைவி. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? விறுவிறுவென்று போனேன். பெஞ்சிக்கு அப்பால் மூலையில் நின்ற சிலிண்டரைக் குனிந்து, கையை எட்ட நீட்டி, ஒரே மூச்சில் தூக்கி, அப்படியே இடுப்பைத் திருப்பினேன். எங்கேயோ 'சுளுக்'கென்றது. அடுத்த நான்கு நாட்களுக்குச் செருப்பு மாட்டிக் கொள்வதற்குக்கூட எனக்கு உதவி தேவைப்பட்டது. உதவியவன் அதே பக்கத்து வீட்டுப் பையன்தான்.

எவ்வளவு கனம் தூக்கினீர்கள் என்று டாக்டர் கேட்பார் என எதிர்பார்த்து, பதிலைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். காஸ் 14.2 கிலோ, காலி சிலிண்டர் பதினைந்து, பதினாறு கிலோ, ஆக முப்பது. அவரோ கனத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "தரையிலிருந்து எடுத்தீர்களா, மேடையிலிருந்தா? உடம்போடு அணைத்தா, கையை நீட்டியா? தூக்கியபடியே திரும்பினீர்களா? படுக்கையிலிருந்து எழுந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது?" என்று போலீஸ் விசாரணை மாதிரி நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் என்னிடம் இருந்தது தப்பான விடை.

காரியாலயத்தில் இந்தக் கதையைச் சொல்லப் போக, ஆசிரியர் சிரித்துவிட்டு, "முதுகின் அருமை தெரிந்தவர் இப்போது நீர்தான். ஒரே ஒரு சிலிண்டருக்கே இப்படி என்றால், நாளெல்லாம் தூக்குகிறவர்கள் என்ன ஆகிறார்கள்? திருப்பூருக்குப் போய்ப் பாரும்" என்று ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

திருப்பூரைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொடிகாத்த குமரன் 1932-ஆம் வருஷம் ஜனவரி 11-ஆம் தேதி உயிர் நீத்த ஊர். நொய்யல் கரையில் பஞ்சு மார்க்கெட்டும் பஞ்சு அரவை ஆலைகளுமாக இருந்த இடத்தில், 1920-களில் கையால் சுற்றும் பின்னல் யந்திரங்கள் வந்து சேர்ந்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகமெல்லாம் பனியன் அனுப்பும் தொழில். 2009-ல் தனி ஜில்லாவாகவும் ஆகிவிட்டது.

ஒரு பனியனைக் கையில் எடுத்துப் பாருங்கள். நூறு, நூற்றைம்பது கிராம்கூட இருக்காது. இதில் முதுகு ஒடிய என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த நூற்றைம்பது கிராம் தனியாக எங்கும் பிரயாணம் செய்வதில்லை. நூலாக இருக்கும்போது கூம்பு கூம்பாக மூட்டையில் வருகிறது. லாரியிலிருந்து ஒருவர் முதுகில் ஏறிக் கிடங்கில் இறங்குகிறது. கிடங்கிலிருந்து நிட்டிங் யந்திரத்துக்குப் போகிறது. யந்திரத்தின் அடிவயிற்றில் துணி சுருண்டு சுருண்டு, இருபது கிலோவுக்கு முன்னே பின்னே ஒரு ரோலானதும், அறுத்துத் தரையில் தள்ளுகிறார்கள். தரையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து டெம்போவுக்கு. சாயப்பட்டறையில் மறுபடி தரை. அங்கே தண்ணீர் குடித்த துணியின் கனமே வேறு. சாயம் ஏறி, உலர்ந்து, சுருக்கம் நீங்கி, கட்டிங் மேஜைக்கு வருகிறது. வெட்டிய பீஸ்களைப் பண்டல் கட்டித் தரையில் போடுகிறார்கள். தரையிலிருந்து தையல் வரிசைக்கு. தைத்தது கூடையில் விழ, கூடை தரையில் இருக்க, அங்கிருந்து செக்கிங், அயர்னிங், பேக்கிங். கடைசியில் அட்டைப் பெட்டியாகித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி ஏறுகிறது. இந்த வழியில் 'தரை' என்று நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று பாருங்கள். அந்தத் தரைதான் இந்தக் கட்டுரையின் வில்லன்.

காங்கயம் சாலைப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனி வாசலில் ஒரு லோடுமேனைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் துண்டை இறுக்கி வரிந்து கட்டியிருந்தார். ரோலின் பக்கத்தில் குனிவார். ஒரு முனையை நிமிர்த்துவார். தோளை உள்ளே கொடுத்து எழுவார். டெம்போவில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது கையால் இடுப்பை ஒரு தரம் அழுத்திக் கொள்வார். அது அவருக்கே தெரியாமல் நடக்கிற காரியம்.

"வலி உண்டா, அண்ணா?" என்று கேட்டேன்.

"வலி இல்லாம இருக்குமுங்களா, தம்பி? ராத்திரி படுத்தாத் தெரியுமுங்க. காலையில எந்திரிக்கறப்ப இன்னும் நல்லாத் தெரியுமுங்க."

"முதலாளியிடம் சொன்னதுண்டா?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எப்படிங்க சொல்றது? முதுகு போச்சுன்னு தெரிஞ்சுதுன்னா நாளைக்கு வேற ஆளக் கூப்பிட்டுக்குவாங்க. லோடுக்கு இத்தனைன்னு கூலிங்க. தூக்கலீன்னா காசு இல்லீங்க."

டாக்டரிடம் போக வேண்டிய வலியை இடுப்புத் துண்டுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல என்பது, அங்கே இரண்டு நாள் சுற்றியதில் எனக்குப் புரிந்தது.

சரி, முதுகுக்குள்ளே என்னதான் நடக்கிறது? கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. நடுநடுவே மெத்தை மாதிரி 23 தட்டுகள். இந்தத் தட்டை நுங்கு என்று நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே தண்ணீர் மிகுந்த வழுவழுப்பான சதை. வெளியே அதைச் சுற்றி வளையம் வளையமாக உறுதியான நார்த்தோல். நேராக அழுத்தினால் நுங்கு எவ்வளவோ தாங்கும். குனிந்தபடி முறுக்கிக்கொண்டே அழுத்தினால்தான் பின்பக்கத் தோல் நைந்து கிழியப் பார்க்கிறது. கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கி நரம்பைத் தொட்டுவிட்டால், இடுப்பிலிருந்து கால் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி. நம் பாட்டிமார் வாயுப் பிடிப்பு என்று தைலம் தடவிய வலிகளில் சில இதுவாகவே இருந்திருக்கும். அதன் காரணத்தை பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்ற இரு டாக்டர்கள் 1934-ல் எழுதிய கட்டுரையில்தான் வைத்திய உலகம் தெளிவாகக் கண்டுகொண்டது.

குனியும்போது தட்டின்மேல் ஏன் அத்தனை பாரம்? பள்ளிக்கூட மைதானத்தில் குழந்தைகள் இரண்டு பக்கம் உட்கார்ந்து ஏறி இறங்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். நடுக்கட்டைக்குக் கிட்டே ஒரு குண்டுப் பையனும், தூரத்து நுனியில் ஒரு நோஞ்சானும் உட்கார்ந்தால் நோஞ்சான் ஜெயிப்பான். நம் இடுப்பில் நடுக்கட்டை அந்தத் தட்டு. அதற்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டரில் முதுகுத் தசை பிடித்து இழுக்கிறது. முன்னால் 50 சென்டிமீட்டர் தள்ளி 20 கிலோ துணி ரோல் தொங்கினால், அதைச் சமாளிக்கத் தசை பத்து மடங்கு, அதாவது 200 கிலோ கனத்துக்குச் சமமாக இழுத்தாக வேண்டும். குனிந்திருக்கும் சொந்த உடம்பின் பாரம் தனி. எல்லாமாகச் சேர்ந்து விழுவது பாவம், அந்த நுங்கின் தலையில்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1960-களில் ஸ்வீடன் தேசத்து டாக்டர் ஆல்ஃப் நாகெம்சன், உயிருள்ள மனிதர்களின் இடுப்புத் தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். (அதற்குச் சம்மதித்த புண்ணியவான்களுக்கு ஒரு கும்பிடு.) நிற்கும்போது 100 என்று வைத்தால், மல்லாந்து படுத்தால் 25, நின்றபடி முன்னால் சாய்ந்தால் 150, சுமையோடு சாய்ந்தால் 220. பிறகு 1999-ல் ஜெர்மனியில் உல்ம் நகரத்து வில்கே என்பவரும் அவருடைய சகாக்களும், ஒரு தொண்டரின் தட்டில் நுண்ணிய கருவியை வைத்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் அளந்தார்கள். அவர்கள் தூக்கச் சொன்ன சுமை 20 கிலோ. நம் திருப்பூர் ரோலின் கனமேதான்! சுமையை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது அழுத்தம் 1.1 மெகாபாஸ்கல். அதையே 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது 1.8. முழங்காலை மடித்துத் தூக்கியபோது 1.7. முதுகை வில்லாக வளைத்துத் தூக்கியபோது 2.3. மோட்டார் கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல இது சுமார் பத்து மடங்கு.

கனம் மாறவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அதே 20 கிலோ. தூக்கிய விதம் மாறியது, அழுத்தம் இரட்டிப்பாயிற்று. டாக்டர் என்னிடம் கனத்தைக் கேட்காத காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவருடைய கடைசிக் கேள்விக்கும் விடை இருக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது தட்டுகள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் நாம் எல்லோரும் காலையில் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம். உப்பிய தட்டு குனிவதை அவ்வளவாகச் சகிக்காது. எழுந்தவுடனே குனிந்து கனம் தூக்கக்கூடாது என்பது இதனால்தான்.

இந்தக் கணக்குகளை அமெரிக்க அரசின் தொழில் ஆரோக்கிய நிலையத்தார் 1991-ல் ஒரு வாய்ப்பாடாக்கினார்கள். மிகவும் அனுகூலமான நிலைமையில் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோ என்று அது ஆரம்பிக்கிறது. அனுகூலம் என்றால், சுமை கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள்ளும், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும். சுமை 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 23 பாதியாகி 11.5 ஆகிறது. அது தரையிலும் கிடந்தால் 9 கிலோவுக்கும் கீழே இறங்குகிறது. தூக்கிக்கொண்டே ஒரு பக்கம் முழுக்கத் திரும்பினால் 6 கிலோ சொச்சம். நாள் முழுதும் அடிக்கடி தூக்குவதற்கு இன்னும் கழிவு உண்டு. திருப்பூரில் அதே தரையில் கிடப்பதோ இருபது கிலோ.

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வருகிறது. சுமைதாங்கி என்றதும் உங்களில் சிலருக்கு 1962-ல் ஸ்ரீதர் எடுத்த படம் நினைவுக்கு வரும். நான் சொல்வது கல். கொங்கு நாட்டுப் பழைய பாதைகளில் இன்னும் ஆங்காங்கே நிற்கிறது. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுகிற வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் பெயரால் வழிப்போக்கர் சுமை இறக்கட்டும் என்று நினைத்தார்கள். அந்தக் கல்லின் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமைக்காரர் குனியாமல், யாரையும் கைலாகு கொடுக்கக் கூப்பிடாமல், அப்படியே சாய்த்து இறக்கி, இளைப்பாறி, அப்படியே ஏற்றிக்கொண்டு போகலாம். சுமையைத் தரையில் மட்டும் வைக்காதே என்று நம் ஜனங்களுக்கு ஊசியும் கருவியும் இல்லாமலே தெரிந்திருக்கிறது. சும்மாடும் அப்படித்தான். தலைமேல் வைத்த பாரம் முதுகுத்தண்டுக்கு நேர் மேலே நிற்கிறது, முன்னால் இழுப்பதில்லை. கென்யா தேசத்துப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் வைத்து அதிகச் சக்தி செலவில்லாமலே நடக்கிறார்கள் என்று 1986-ல் விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள். இதிலும் கழுத்து எலும்பு கொடுக்கிற விலை ஒன்று உண்டு; அதை மறந்துவிட்டுப் புகழ்பாடக் கூடாது.

நிற்க. தூக்குகிறவர்களை மட்டும் சொல்லி உட்கார்ந்திருப்பவர்களை விட்டால், தையல் மிஷின்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்று வரிசையாகத் தைக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் நாற்பது தட்டுப் படி ஏறி இறங்குவதில்லை, மூட்டை சுமப்பதில்லை. ஆனால் பல இடங்களில் முதுகு சாய ஆதாரமில்லாத ஸ்டூலில், ஊசி முனையைப் பார்ப்பதற்காகத் தலையை முன்னால் நீட்டி, மணிக்கணக்காக அதே கோலத்தில் இருக்கிறார்கள். உட்காருவது நிற்பதைவிடத் தட்டுக்குக் கேடு என்றார் நாகெம்சன். அப்படி இல்லை, ஏறக்குறைய சமம்தான் என்றது வில்கேயின் அளவு. முன்னால் வளைந்தால் அழுத்தம் ஏறும் என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. போதாக்குறைக்கு, தைத்த பீஸைப் பக்கத்துக் கூடையில் போடவும், அடுத்ததை எடுக்கவும் ஒவ்வொரு தடவையும் இடுப்பைத் திருப்ப வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிற கைக்கு நடுவில் எழுந்து நடக்க மனம் வருமா? ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாளில் கேட்கவே வேண்டாம்.

ஒரு செக்கிங் மேஜையில் நின்றிருந்த அம்மாள், "நிக்கறவங்களுக்கு உக்காந்தாத் தேவலைன்னு இருக்குதுங்க. உக்காந்திருக்கற புள்ளைங்களுக்கு எந்திரிச்சாத் தேவலைன்னு இருக்குதுங்க" என்றார். ஆராய்ச்சிக்காரர்கள் பெரிய பெரிய புஸ்தகங்களில் சொல்வதும் ஏறத்தாழ இதுவேதான்.

சரி, பரிகாரம் என்ன? 'முழங்காலை மடி, முதுகை நிமிர்த்து' என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டினால் போதும் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். அப்படிப் பாடம் சொல்லிக் கொடுத்ததால் மட்டும் முதுகுவலி குறைந்ததா என்று பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்தபோது, குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இடுப்புப் பட்டையும் அப்படியே. அமெரிக்காவில் 160 கடைகளில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்களைக் கவனித்து 2000-ல் வெளியிட்ட முடிவு, பட்டை கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்றது. இடுப்புத் துண்டை நம்பியிருக்கும் என் லோடுமேன் அண்ணனிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் எப்படிக் குனிய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதைவிட, ஆள் குனியாமலிருக்கும்படி சாமானை வைப்பதுதான் காரியம்.

சட்டம் தூங்கவில்லை; ஆனால் அதன் கண் கனத்தின் மேலேயே இருந்தது. காயம் உண்டாக்கத்தக்க பாரத்தை யாரும் தூக்கும்படி வைக்கக்கூடாது என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-வது பிரிவு சொல்லிற்று. (அதன் இடத்தில் 2020-ல் இயற்றிய புதிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்திருக்கிறது.) சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல் ஓர் ஒப்பந்தம் செய்து, கூடவே ஆண்களுக்கு 55 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்று சிபாரிசும் செய்தது. அந்த ஒப்பந்தத்தை நம் தேசம் 2010-ல் ஏற்றுக்கொண்டது. ஐம்பத்தைந்து எங்கே, மேலே பார்த்த 23 எங்கே, 9 எங்கே! சட்டத்துக்கு உட்பட்ட சுமையாலேயே ஒரு முதுகைத் தாராளமாகக் கெடுத்துவிடலாம்.

ஊரைச் சுற்றி வரும்போது அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனிக்குள் போனேன். பெரிய ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. நிட்டிங் யந்திரத்துக்குப் பக்கத்தில் இடுப்புயரத்தில் ஒரு இரும்பு மேடை. அதே உயரத்தில் ஒரு தள்ளுவண்டி. அறுத்த ரோலை இருவர் பிடித்து மேடையில் உருட்டிவிடுகிறார்கள். மேடையிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து டெம்போவின் தளத்துக்கு, எல்லாம் உருட்டல்தான். தூக்கல் இல்லை. முதலாளியைக் கேட்டேன். "என்ற முதுகும் போனதுங்க. நானும் நூல் மூட்டை தூக்கி வந்தவன்தானுங்க. பழைய இரும்புலதான் அடிச்சோம்" என்றார். செலவைப் பற்றி வற்புறுத்திக் கேட்டதில், ஒரு ஆளுக்கு முதுகு பிடித்து ஒரு மாசம் லோடு நின்றால் ஆகிற நஷ்டத்தைவிடக் குறைவு என்று மட்டும் சொன்னார். இதைச் செய்யாத மற்றவர்களுக்கு இடமில்லை, வாடகைக் கட்டடம், ஆர்டர் அவசரம் என்று காரணங்கள் உண்டு. பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காரணங்களின் பாரத்தை யார் தூக்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

வீட்டில் இருக்கும் வாசகியர் இது பனியன் ஊர்க் கதை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, ஊறவைத்த துணி வாளி, தரையில் உட்கார்ந்து அடம்பிடிக்கும் மூன்று வயது வீரன், எல்லாம் தரையிலிருந்துதான் மேலே வருகின்றன. குடத்தை முக்காலியின்மேல் வைத்துப் பிடியுங்கள். வாளியைப் பாதியாக நிரப்பி இரண்டு நடை நடங்கள். குழந்தையைக் கையெட்டி வாரித் தூக்காமல், கிட்டே வரவழைத்து அணைத்துத் தூக்குங்கள். திரும்ப வேண்டுமானால் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இடுப்பை முறுக்க வேண்டாம்.

வலி வந்துவிட்டால்? முன் காலத்தில் வாரக்கணக்காகப் படுக்கப் போட்டார்கள். 1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்தில் 186 ஊழியர்களிடம் பார்த்ததில், படுத்தவர்களைவிட முடிந்த வரை வழக்கமான வேலையைச் செய்து நடமாடியவர்களே சீக்கிரம் தேறினார்கள். பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானே தணியும். ஸ்கேனில் தட்டு பிதுங்கியிருக்கிறது என்றதும் கலங்கிவிட வேண்டாம். வலியே இல்லாத 98 பேரை 1994-ல் படமெடுத்துப் பார்த்ததில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு தட்டு பிதுங்கித்தான் இருந்தது. ஆனால் கால் பலமிழந்து தொய்ந்தாலும், தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலும், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தவறினாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலியும் தைலத்துக்கு அடங்குகிற சாதி அல்ல.

ஊருக்குத் திரும்புமுன் காங்கயம் சாலை லோடுமேனை மறுபடி பார்த்தேன். அனுப்பர்பாளையம் மேடையைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "எத்தன ஒசரமுங்க?" என்றார். நான் என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அவர் தம் இடுப்பில் கை வைத்து அளந்து பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த இரண்டு பழைய மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கூட வேலை செய்கிற பையனைக் கூப்பிட்டு, இருவருமாக அடுத்த ரோலை அதன்மேல் ஏற்றினார்கள். பெட்டி கொஞ்சம் ஆடியது. பையன் ஒரு அட்டைத் துண்டை மடித்து அடியில் சொருகினான்.